கடுப்பேத்துற ஆளுங்கள வெச்சு நம்மள நாமே தெரிஞ்சிக்கிறது எப்படி: ஒரு தோட்டத்துப் பிள்ளையோட முழு வழிகாட்டி

ராத்திரி ரெண்டு மணி, சமையக்கட்டு, கையில ஒரு கப்பு மைலோ. தூக்கம் வரல, காரணம் ஒரு வாட்சப் மெசேஜ்.

நாங்க பத்து பேரு சேந்து மாசம் ஆளுக்கு 200 வெள்ளின்னு (ரிங்கிட் தான்) கூட்டு போடறோம், மாசம் ஒருத்தருக்கு மொத்தக் காசும் போவும். (கூட்டு நடத்துறத தொழிலா வெச்சிக்கக் கூடாதுன்னு மலேசியாவுல 1971-லயே தடைச் சட்டம் வந்தாச்சு, தெரியும், ஆனா நம்ம சுங்கை சிப்புட்டுல எத்தன பிள்ளைங்களோட காலேஜ் பீஸு கூட்டுக் காசுல கட்டுனதுன்னு கேட்டுப் பாருங்க.) அந்த மாசம் காசு வாங்கற முறை என்னோடது. ஒம்போது பேருல எட்டு பேரு கொடுத்துட்டாங்க, ஒரு அக்கா மட்டும் தரல. கேட்டா "நாளைக்கு தர்றேன்மா", கூடவே ஒரு கும்புடு ஸ்டிக்கர். போன மாசமும் இதே டயலாக் தான். அந்த 200 வெள்ளி இல்லன்னா அன்னைக்கு எனக்கு எதுவும் நின்னு போகப் போறதில்ல, வீட்டுல அரிசி இருக்கு, காடில எண்ணெ இருக்கு, ஆனா போன கீழ வெச்சப்ப கை நடுங்குது.

அப்ப தான் தோணுச்சு, 200 வெள்ளி லேட்டானதுக்கு ஒரு இருபது வெள்ளி கோவம் வந்தா நியாயம், இங்க முழுசா 200 வெள்ளிக்கு கோவம் வந்திருக்கு, அப்ப மிச்சம் நூத்தி எம்பது யாரு கணக்குல எழுதறது? அந்த அக்கா கணக்குல எழுத முடியாது, அவங்க பண்ணது இருபது வெள்ளிக்கு தான். மிச்சம் என்னோடது. இந்த "மிச்சம்" தான் இந்த வழிகாட்டியோட ஒரே விஷயம், அத எப்படி கண்டுபுடிக்கறது, எங்கருந்து வந்துச்சுன்னு எப்படி பாக்கறது, பாத்துட்டு என்னா பண்றதுன்னு நான் செஞ்ச வரிசையிலயே சொல்றேன். நான் டாக்டர் இல்ல, ஒரு லோரி கம்பெனில கிராணி, அதாவது கணக்கு எழுதற கிளார்க்கு. கொஞ்சம் படிச்சேன், கொஞ்ச நாள் ஒரு கவுன்சலர்கிட்ட போனேன், மத்ததெல்லாம் அடி வாங்கி கத்துக்கிட்டது.

மொதல்ல ஆள செலக்ட் பண்ணுங்க

எடுத்த எடுப்புல வாழ்க்கையிலயே ரொம்ப மோசமான ஆளத் தூக்கி முன்னாடி வெச்சிக்காதீங்க. நீச்சல் கத்துக்கப் போறவன் பேராக் ஆத்து நடுவுலயா குதிப்பான். ஒரு பேப்பர எடுத்து உங்கள கடுப்பேத்துற ஆளுங்கள வரிசையா எழுதுங்க, ஒவ்வொருத்தருக்கும் பத்துக்கு மார்க் போடுங்க. நாலுலருந்து ஆறு வாங்குன ஆளு தான் நமக்கு வேணும். வாசல்ல குறுக்கால காடிய போடற பக்கத்து வீட்டு அண்ணன், குடும்ப குரூப்புல காலைல அஞ்சு மணிக்கே முப்பது படம் அனுப்பற மாமா, பாக்கறப்பல்லாம் "இன்னும் வாடகை வீடு தானா?"ன்னு கேக்கற அண்ணி, இந்த ரகம். எழுதி முடிச்சதும் பேப்பர கிழிச்சிருங்க, என் வீட்டுல அது பையன் கையில மாட்டி பெரிய கூத்தாயிடுச்சு.

ஒம்போது, பத்து வாங்குனவங்கள தொடவே வேணாம். அதுலயும் கை நீட்டற ஆளு, மெரட்டற ஆளு, சம்பளத்தப் புடுங்கி வெச்சிக்கிட்டு பஸ் காசு மட்டும் தர்ற புருஷன், இவங்கள வெச்சு நம்மளப் பத்தி தெரிஞ்சிக்க ஒன்னும் இல்ல, அது ஆபத்து, அவ்ளோ தான். அரசாங்கத்தோட உதவி லைன் தாலியான் காசே, நம்பர் 15999, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, குடும்ப வன்முறைக்குன்னு 1994-லருந்தே தனிச் சட்டம் இருக்கு. இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா, "நீ ஏன்டி இவ்ளோ சென்சிட்டிவா இருக்க, மொதல்ல உன்னப் பாரு"ன்னு சொல்ற சொந்தக்காரங்க ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒரு நாலு பேரு இருப்பாங்க, அவங்க கையில இந்த மாதிரி விஷயம் கெடச்சா கத்தியா ஆக்கிருவாங்க.

ஒரு வாரம் உடம்ப மட்டும் பாருங்க

ஆள எடுத்தாச்சா, உடனே யோசிக்க ஆரம்பிக்காதீங்க. மூளைக்குள்ள அமிக்டலான்னு ஒரு சின்னப் பகுதி இருக்கு, பாதாம் பருப்பு மாதிரி இருக்கறதால அந்தப் பேரு. ஆபத்து மாதிரி எது தெரிஞ்சாலும் அது மொதல்ல குதிச்சிரும், நிதானமா யோசிக்கற முன்மூளை செருப்பு தேடிக்கிட்டு இருக்கறப்பவே இது வாசலத் தாண்டி ஓடியிருக்கும். நெஞ்சு படபடக்கும், கை வேக்கும், வாய் வறண்டு போவும். அதனால உண்மை தெரியணும்னா மொதல்ல உடம்ப தான் கேக்கணும், வாய் அப்புறமா வந்து கத கட்டும்.

போன் நோட்ஸ்ல மூனே விஷயம்: நேரம், ஆளு, உடம்புல எங்க. நியாயம் அநியாயம்லாம் எழுதாதீங்க. என்னோடது இப்படி இருந்துச்சு: "திங்க 9.10, மேனேஜர், வயிறு. திங்க 8.30 ராத்திரி, கூட்டு அக்கா, கை. புதன், அண்ணி, தொண்ட. வியாழன், மேனேஜர், வயிறு. வெள்ளி, மேனேஜர், வயிறு." என் தங்கச்சிக்கு எது வந்தாலும் தாடை இறுகிடும், காலைல பல்லு வலியோட எந்திரிப்பா. என் பையனுக்கு காது செவக்கும். ஒரு வாரம் கழிச்சு படிச்சப்ப தான் பாத்தேன், மேனேஜருக்கு எப்பவுமே வயிறு, கூட்டு அக்காவுக்கு எப்பவுமே கை. ரெண்டையும் நான் ஒரே பேர்ல "கடுப்பு"ன்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சிருக்கேன், உடம்பு அத ரெண்டா பிரிச்சு வெச்சிருக்கு.

இந்த வாரத்துல ஒரு ஆச வரும், யாருக்காவது போன் போட்டு கொட்டித் தீக்கணும்னு. கொட்டிட்டா மனசு லேசாயிடும்னு நம்ம ஆளுங்க எல்லாரும் நம்பறோம், நானும் நம்புனேன். 2002-ல பிராட் புஷ்மன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் கோவத்துல இருந்தவங்கள, கோவப்படுத்துன ஆள நெனச்சிக்கிட்டே குத்துப் பைய குத்தச் சொல்லி பாத்தாரு, குத்துனவங்களுக்கு தான் கோவம் அதிகமா இருந்துச்சு, சும்மா உக்காந்திருந்தவங்களுக்கு கம்மியா இருந்துச்சு. எங்க மூனு அக்கா தங்கச்சி ராத்திரி போன் கால் எல்லாம் குத்துப் பை தான்னு அப்ப புரிஞ்சிச்சு. ஒருத்தர்கிட்ட சொல்லி அழறது வேற, அதே கதைய மூனாவது ஆளுகிட்ட இன்னும் கொஞ்சம் மசாலா போட்டு சொல்றது வேற.

கடுப்புக்கு சரியான பேரு வைங்க

இந்தப் படியில நிதானமா இருங்க, எனக்கு எல்லாமே மாறுனது இங்க தான்.

நமக்கு எல்லாத்துக்கும் ஒரே வார்த்த. மழ பேஞ்சா கடுப்பு, வைஃபை போனா கடுப்பு, மாமியா வந்தா கடுப்பு. ஆனா அந்த சட்டிக்குள்ள அவமானம் இருக்கும், பொறாம இருக்கும், ஆத்தாம இருக்கும், பயம் இருக்கும், வெறும் பசி கூட இருக்கும். மேத்யூ லீபர்மன்னு ஒருத்தரோட குழு 2007-ல மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்தப்ப, கோவமா பயமா இருக்கற முகத்த பாத்துட்டு அதுக்கு ஒரு வார்த்தையால பேரு வெச்சாலே அமிக்டலாவோட ஆட்டம் கொறைஞ்சிச்சு. சரியான பேரு வெக்கறதே பாதி மருந்து மாதிரி.

அதுக்கு அமெரிக்கா வரைக்கும் போவ வேணாம், தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதியே இருக்கு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகைன்னு எட்டு. ஒவ்வொன்னும் எதுலருந்து பொறக்குதுன்னு நாலு நாலா காரணமும் பிரிச்சு வெச்சிருக்காங்க. நான் தமிழ்ப்பள்ளி முடிச்சு இடைநிலைப்பள்ளியில இத மனப்பாடம் பண்ணேன், பரிச்சைக்கு எழுதுனேன், மறந்துட்டேன். முப்பது வருஷம் கழிச்சு பழைய நோட்ட தொறந்தா அச்சத்துக்கு சொன்ன நாலு காரணம் கண்ணுல பட்டுச்சு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், மிருகம், திருடன், அப்புறம் தன்னோட தலைவன்.

தம் இறை. எனக்கு அப்படியே வயிறு கலங்குச்சு, அதே வயிறு.

எங்க மேனேஜர் என்னைய விட பதினஞ்சு வயசு சின்னவரு, நல்ல மனுசன் தான், ஆனா பைல எடுத்துக்கிட்டு வந்து மேச மேல வெச்சு "கேன் யூ எக்ஸ்ப்ளெய்ன் திஸ்?"னு கேட்டாருன்னா நாள் பூரா எனக்கு அவரு மேல எரியும். திமிரு புடிச்சவன், இங்கிலீஷ் பேசி மட்டம் தட்டறான்னு வீட்டுக்கு வந்து புலம்புவேன். அது கோவமே இல்ல. பயம். பயத்த ஒத்துக்க வெக்கமா இருந்ததால கோவம்னு சட்ட மாட்டி விட்டிருக்கேன்.

ஏன் பயம்னு கேட்டா, ரப்பர் தோட்டத்துல பொறந்தவங்களுக்கு வெளக்கமே தேவப்படாது. வீடு கம்பெனி வீடு. அப்பா வேலைய விட்டா, இல்ல நிப்பாட்டிட்டா, லயத்து வீட்டையும் காலி பண்ணனும். அப்ப தலைவன் மொகம் கோணுச்சுன்னா போறது வேல மட்டும் இல்ல, கூரை, கோழி, முருங்க மரம், பிள்ளைங்க பள்ளிக்கூடம் எல்லாம். தோட்டத்த வித்து வீடமைப்பு பகுதியா மாத்துனப்ப எத்தன குடும்பம் அப்படி சட்டி பானையோட நடுத்தெருவுல நின்னாங்கன்னு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் கேக்கறது ஒரு டீசல் பில்லப் பத்தி, என் வயிறுக்கு கேக்கறது வீட்ட காலி பண்ணுன்னு.

சரி, நீங்க என்னா பண்ணனும்னா, ஒவ்வொரு "கடுப்பு"க்கு பக்கத்துலயும் வேற ஒரு வார்த்த எழுதுங்க. கோவம்னு எழுத வந்தா கைய நிப்பாட்டி, "இது பயமா இருந்தா?" "அவமானமா இருந்தா?" "பொறாமையா இருந்தா?"ன்னு ஒன்னொன்னா போட்டுப் பாருங்க. சரியான வார்த்த வந்தா உடம்பு காட்டிக் குடுத்துரும், ஒரு மூச்சு தானா வெளிய போவும், இல்ல கண்ணு கலங்கும்.

மூனு கட்டம் நோட்டு

இதுக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். மூனு கட்டம் போடுங்க: நடந்தது, நான் வெச்ச அர்த்தம், நான் பண்ணது. ஆல்பர்ட் எல்லிஸ்னு ஒருத்தர் 1950-கள்லயே இந்த மாதிரி பிரிச்சாரு, நடந்த சம்பவம் நேரா நம்மள கோவப்படுத்தல, நடுவுல நாம வெச்ச நம்பிக்கை ஒன்னு ஒளிஞ்சிருக்குன்னு சொன்னவரு.

"நடந்தது" கட்டம் தான் கஷ்டம். அங்க சிசிடிவி பாக்கறத மட்டும் தான் எழுதணும். நான் மொதல்ல எழுதுனது: "தீபாவளி அன்னைக்கு அண்ணி எல்லார் முன்னாடியும் என்னைய மட்டம் தட்டுனாங்க." சிசிடிவி அப்படி பாக்குமா? திருத்தி எழுதுனேன்: "அண்ணி முறுக்கு தட்ட நீட்டிக்கிட்டே 'இன்னும் வாடகை வீடு தானா?'ன்னு கேட்டாங்க. பக்கத்துல ரெண்டு பேரு இருந்தாங்க, ஒருத்தர் போன பாத்துக்கிட்டு இருந்தாரு." அவ்ளோ தான் நடந்தது. ரெண்டாவது கட்டத்துல: "நீ ஒன்னுத்துக்கும் லாயக்கில்ல, அண்ணன் முன்னேறிட்டான், நீ லயத்துலயே நின்னுட்ட." இத அண்ணி சொல்லவே இல்ல. சொன்னது நான்.

அதுக்காக அண்ணி நல்லவங்கன்னு சொல்ல வரல, அந்தக் கேள்விய அவங்க மூனு தீபாவளியா கேக்கறாங்க.

இன்னொன்னு கவனிங்க. நாம லேட்டா போனா மழ, ஜாம், பஸ் வரல. அடுத்தவங்க லேட்டா வந்தா அவங்க புத்தியே அப்படி. லீ ராஸ்ங்கற சமூக உளவியலாளர் 1977-ல இதுக்கு அடிப்படை கற்பிதப் பிழைங்கற அர்த்தத்துல ஒரு பேரே வெச்சாரு. நோட்டுல "அவங்க எப்பவுமே", "அவங்க புத்தி", "அந்தக் குடும்பமே" இப்படி எங்கெல்லாம் எழுதியிருக்கீங்களோ அங்கெல்லாம் பென்சில்ல கோடு போடுங்க, அது சிசிடிவில தெரியாது.

எவ்ளோ எழுதறது? ஜேம்ஸ் பென்னேபேக்கர் 1986-ல பண்ண ஆராய்ச்சியில ஒரு நாளைக்கு 15 நிமிஷம், நாலு நாள், அவ்ளோ தான் எழுத வெச்சாரு. நானும் அதே கணக்கு தான், பையன் டியூசன் போற நேரத்துல கார்குள்ள உக்காந்து எழுதுவேன். ரெண்டாவது நாள் ரொம்ப கஷ்டமா இருந்தா "நான்"ன்னு எழுதாம "அவ"ன்னு எழுதிப் பாருங்க. "அவளுக்கு ஏன் வீட்டப் பத்தி கேட்டா தொண்ட அடைக்குது?" ஈதன் கிராஸும் கூட இருந்தவங்களும் 2014-ல இத சோதிச்சாங்க, தன்னையே பேரு சொல்லி, வெளியாளு மாதிரி பேசிக்கிட்டவங்க கொஞ்சம் நிதானமா சமாளிச்சாங்க. எங்க ஆயா "இந்தக் கிழவிக்கு எதுக்குடி கோவம்"னு தன்னைப் பத்தியே சொல்லும், அது ஆராய்ச்சி எதுவும் படிக்கல.

இப்ப மிச்சத்த அளங்க

நோட்டு நாலு நாள் ஆனதும் ஒரே ஒரு கேள்வி: இதே காரியத்த வேற ஆளு பண்ணியிருந்தா எவ்ளோ கோவம் வந்திருக்கும்? ஆள மாத்திப் பாருங்க, வார்த்தைய மாத்தாதீங்க. அப்புறம் வார்த்தைய மாத்துங்க, ஆள மாத்தாதீங்க.

கூட்டு அக்காவ வெச்சு நான் பண்ணேன். பாசார் மாலத்துல மீன் விக்கற ஆளு "மிச்ச காசு நாளைக்கு தர்றேன்"னு சொன்னா? கை லேசா நடுங்குது. என் சொந்த தங்கச்சி "நாளைக்கு தர்றேன்"னு சொன்னா? அப்பவும் நடுங்குது! சரி, கூட்டு அக்காவே "இந்த மாசம் முடியலமா, காசு இல்ல"ன்னு சொல்லியிருந்தா? ஒன்னுமே இல்ல, பாவம்னு தான் தோணுது. அப்ப ஆளு இல்ல பிரச்சன. காசும் இல்ல. "நாளைக்கு"ங்கற வார்த்த.

எங்கப்பா ரப்பர் பால் வெட்டறவரு. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்கற எடத்துக்கு, போவணும், குளிர்ச்சியா இருக்கறப்ப தான் பால் நல்லா எறங்கும், வெயில் ஏறுனா ஓட்டம் கொறஞ்சிரும். வெட்டறப்ப பட்டைய மட்டும் மெல்லிசா சீவணும், கத்தி ஆழமா போயி உள்ள மரத்துல பட்டுச்சுன்னா அந்த எடத்துல புதுப் பட்டை முண்டும் முடிச்சுமா தான் வளரும், வருஷக்கணக்கா கழிச்சு வேற யாரு வெட்ட வந்தாலும் கத்தி அங்க வந்து தட்டும். அப்பா மரத்தத் தடவியே சொல்லுவாரு, "இது எவனோ அவசரக்காரன் வெட்டுனது"ன்னு.

ஸ்கூல் லீவுல நான் பால் புடிக்கற மங்கு கழுவி, ஒட்டுப்பால் பொறுக்கி அப்பாவுக்கு ஒத்தாசை பண்ணுவேன். பதினோரு மணிக்கு பால ஸ்டோருக்கு தூக்கிட்டுப் போனா கிராணி எட போடுவாரு, மெட்ரோலாக்குன்னு ஒரு கண்ணாடி கோல பால்ல முக்கி எவ்ளோ ரப்பர் இருக்கு எவ்ளோ தண்ணி இருக்குன்னு பாத்து புக்குல எழுதுவாரு. சம்பளம் அந்த புக்கு தான். எனக்கு ஒம்போது வயசு, கணக்குல நான் கெட்டிக்காரி, ஒரு நாள் தராசுல காட்டுன நம்பரும் புக்குல எழுதுன நம்பரும் வேற வேறயா இருந்துச்சு. அப்பா சட்டைய இழுத்து சொன்னேன். அப்பா தலைய சொறிஞ்சிக்கிட்டு ரொம்ப மெதுவா, "ஐயா, எட கொஞ்சம்..."னாரு. கிராணி நிமிந்து கூட பாக்கல.

"நாளைக்கு பாத்துக்கலாம்."

அப்பா சிரிச்சாரு. "சரிங்கையா." திரும்பி வர்ற வழியில காண்டா கம்புல காலி வாளி ரெண்டும் டங்கு டங்குன்னு அடிச்சிக்கிச்சு, அவரு ஒன்னும் பேசல, நானும் பேசல. அந்த நாளைக்கு வரவே இல்ல.

பழைய ஆளுகிட்ட பட்டத புது ஆளு மேல ஏத்தி வெக்கறதுக்கு பிராய்டு காலத்துலயே பேரு வெச்சிட்டாங்க, இங்கிலீஷ்ல டிரான்ஸ்பரன்ஸ் (transference)னு சொல்றாங்க. பேரு என்னா வேணா இருக்கட்டும். நூத்தி எம்பது வெள்ளி எந்தக் கணக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு.

உங்களுக்கு உடனே இந்த மாதிரி ஒரு காட்சி வரணும்னு இல்ல. வரலன்னா இழுக்காதீங்க, இழுத்தா நாமே ஒரு கத செஞ்சிருவோம். "இந்த உணர்ச்சி எனக்கு மொத மொத எப்ப வந்துச்சு, அப்ப எனக்கு எவ்ளோ உயரம்?"னு மட்டும் கேட்டு விட்டுருங்க. உயரம் கேக்கறது எனக்கு வேல செஞ்சிச்சு, கிராணியோட மேச விளிம்பு என் கண்ணு மட்டத்துல இருந்தது ஞாபகம் வந்து தான் மத்தது எல்லாம் வந்துச்சு.

கண்ணாடி டெஸ்ட்

"அடுத்தவங்ககிட்ட உனக்குப் புடிக்காதது உன்கிட்டயே இருக்கு"ன்னு எல்லாரும் பேஸ்புக்ல போடறாங்களே, அது கார்ல் யுங் சொன்ன நிழல் கருத்துலருந்து வந்தது, நாம நம்மகிட்ட ஒத்துக்காதத அடுத்தவங்க மேல போட்டுப் பாப்போம்னாரு. பாதி நேரம் தான் இது சரி. சம்பளம் தராத தவுக்கேய எனக்குப் புடிக்கலன்னா நான் யாருக்கு சம்பளம் தராம இருக்கேன்? எல்லாத்துக்கும் கண்ணாடின்னு சொல்றது சோம்பேறித்தனம்.

எப்ப சரின்னா, ஒருத்தரப் பத்தி யாரும் கேக்காமலே நாமளா போயி பேசறோம் பாருங்க, அப்ப. எங்க கோயில் திருவிழா கமிட்டியில ஒரு அக்கா எப்பப் பாத்தாலும் மைக்க புடுங்கிக்குவாங்க, போட்டோன்னா நடுவுல நிப்பாங்க. நான் ஒரு வாரத்துல மூனு பேருகிட்ட அவங்கள கிண்டல் பண்ணியிருக்கேன். நோட்டுல "வெளம்பரப் பைத்தியம்"னு எழுதிட்டு பேரு வெக்கற படிக்கு வந்தேன், கோவம் இல்ல, பயம் இல்ல, போட்டுப் பாத்தா பொறாம. அஞ்சாம் வகுப்புல பேச்சுப் போட்டியில ஜெயிச்சவ நான், அதுக்கப்புறம் "பொம்பளப் பிள்ள அடக்கமா இரு"ன்னு சொன்னாங்க, அடங்கிட்டேன், இவங்க அடங்கல. அவ்ளோ தான் அவங்க பண்ண குத்தம். இந்த வருஷம் அறிவிப்பு வாசிக்கறியான்னு அதே அக்கா தான் கேட்டாங்க, நாலு வரி வாசிச்சேன், கால் நடுங்குச்சு.

மிச்சமே இல்லாத கோவமும் உண்டு

அளந்து பாத்தா சில நேரம் மிச்சம் ஜீரோன்னு வரும். யாரு பண்ணாலும் அதே அளவு கோவம் தான் வரும், உடம்பும் நடுங்காது, சூடா ஆனா தெளிவா இருக்கும். அப்ப நோட்ட மூடி வெச்சிட்டு வேலையப் பாருங்க. என் தங்கச்சி ஒரு கடையில வேல பாத்தப்ப சம்பளம் மாசா மாசம் இருவதாம் தேதி தான் வரும், இவ என்னோட நோட்டப் பாத்துட்டு "எனக்கு ஏன் இவ்ளோ பொறுமை இல்ல, சின்ன வயசுல என்னாச்சு"ன்னு எழுத ஆரம்பிச்சிட்டா. அடியே, உனக்கு ஒன்னும் ஆகல, 1955 வேலைச் சட்டத்துல சம்பளக் காலம் முடிஞ்சு ஏழு நாளைக்குள்ள குடுக்கணும்னு இருக்கு, ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்கு, அதான் தொழிலாளர் இலாகாவுக்கு, போயி புகார் குடுன்னேன். போனா. எழுதறது ஒரு புகார் பாரத்துக்கு பதிலா ஆகிறக் கூடாது.

கோவம் எந்தப் பக்கம் ஒழுகுதுன்னு பாருங்க

இது கடைசிப் படி, இத நான் எழுதாம விட்டுறலாமான்னு கூட பாத்தேன்.

வெகுளாமை அதிகாரத்துல மொத குறள், 301-வது, தன்னோட கோவம் எங்க செல்லுபடியாவுமோ அங்க அடக்கறவன் தான் அடக்கறவன், செல்லாத எடத்துல அடக்குனா என்னா அடக்காட்டி என்னான்னு கேக்குது. மேனேஜர்கிட்ட நான் அடக்குனதுக்கு பேரு பொறுமை இல்ல, அங்க என் கோவம் செல்லாது. அப்ப அது எங்க போச்சு? ஒரு வாரம் அத மட்டும் குறிச்சு வைங்க: மேல இருக்கறவங்க கடுப்பேத்துன அன்னைக்கு, கீழ இருக்கறவங்ககிட்ட நான் எப்படிப் பேசுனேன். பிள்ளைங்க, கடைப் பையன், வயசான அம்மா, வீட்டு நாய் கூட கணக்கு தான்.

என் லிஸ்ட்ல மொத ரெண்டு நாளும் பையன். அது தெரிஞ்சது தான், கூச்சமா இருந்தாலும் ஆச்சரியம் இல்ல. மூனாவது நாள் மேனேஜர் டீசல் பில்ல தூக்கிட்டு வந்தாரு, வயிறு கலங்குச்சு, அவரு போனதும் லோரில மூட்ட ஏத்தற பங்களாதேஷ் தம்பி என் மேசகிட்ட வந்து நின்னான். கையில சம்பள சீட்டு. ஓவர்டைம் கொறையுதுன்னு அவனுக்குத் தெரிஞ்ச மலாய்ல மெதுவா, ரொம்ப மரியாதையா சொன்னான். நான் கம்ப்யூட்டர விட்டு கண்ணெடுக்காம சொன்னேன்:

"பேசோ லா."

நாளைக்கு பாக்கலாம். அவன் சிரிச்சான். "ஓகே காக்கா"ன்னான், மலாய்ல அக்கா. போயிட்டான்.

அத ராத்திரி கார்குள்ள உக்காந்து நோட்டுல எழுதறப்ப தான் கை நின்னுச்சு. நடந்தது கட்டத்துல சிசிடிவி பாத்தத தான எழுதணும், எழுதுனேன், ஒரு மேச, ஒரு கிராணி, நிமிந்து பாக்கல, எதிர்ல ஒருத்தன் சிரிக்கறான். இத்தன மாசமா மிச்சம் மிச்சம்னு நான் தேடுனது எல்லாம் அப்பா பக்கத்துல நின்ன பிள்ளையோட கணக்கு. மேசைக்கு இந்தப் பக்கமும் எனக்கு ஒரு கணக்கு இருந்திருக்கு. அழுக வரல, அவமானமா இருந்துச்சு, பேரு சரியா வெச்சேன்.

உங்களுக்கும் இந்தப் படியில புடிக்காதது ஏதாவது கண்டிப்பா வரும். வந்தா அன்னைக்கே ஒரு சின்ன காரியம் பண்ணுங்க, மன்னிப்பு டயலாக் எல்லாம் அப்புறம்.

கூட்டு அக்காவுக்கு நான் மறுநாள் போன் பண்ணேன், மெசேஜ் இல்ல. "அக்கா, முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க, எப்ப முடியும்னு தேதி சொல்லுங்க, நாளைக்குன்னு மட்டும் சொல்லாதீங்க." இருபது வெள்ளி கோவத்துல பேசுனேன், கை நடுங்கல. அவங்க மூஞ்சத் தூக்கிக்கிட்டாங்க, ரெண்டு தவணையா குடுத்துட்டு அடுத்த சுத்து கூட்டுலருந்து விலகிட்டாங்க, கோயில்ல பாத்தா இப்பவும் சரியா பேசறதில்ல. எல்லாம் சுமுகமா முடியும்னு யாரும் உங்களுக்கு சொல்லியிருந்தா நம்பாதீங்க.

அந்தத் தம்பியோட பைல அன்னைக்கே எடுத்தேன். அடிப்படை சம்பளம் 1,700, வகுத்தல் 26, வகுத்தல் 8, ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 காசு, ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. லோரி புக்க பக்கத்துல வெச்சு ஒவ்வொரு ட்ரிப்பா சரி பாத்தேன், பதினாலு மணி நேரம் விட்டுப் போயிருந்துச்சு, 171 வெள்ளி 63 காசு. சீட்ட திருப்பி அடிச்சு, மேனேஜர் கையெழுத்துக்கு நானே எடுத்துட்டுப் போனேன், "வை லைக் திஸ்?"னு கேட்டாரு, வயிறு கலங்குச்சு, கலங்கட்டும்னு விட்டுட்டு கணக்க காட்டுனேன். கையெழுத்து போட்டுட்டாரு. கீழ எறங்கிப் போயி தம்பிய கூப்புட்டு, பழைய சீட்டையும் புது சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒவ்வொரு வரியா வெரல வெச்சு அவன் கூட்டிப் பாத்து முடிக்கற வரைக்கும் நின்னேன்.